மெர்லி கடை இஞ்சி

சார், அந்தக் காசை வாங்கி முன்னாடி இருக்கிறவர் கையில கொடுங்க. உங்களுக்கு இல்ல சார், டிரைவருக்கு. இந்த ஜீப்னியில கண்டக்டர் கிடையாது. பின்னாடி ஏறுறவங்க காசை நீட்டுவாங்க, நாம கை மாத்திக் கை மாத்தி முன்னாடி அனுப்பணும். மீதிச் சில்லறையும் இப்படியே திரும்பி வரும். ஆமா, யாரும் எடுத்துக்க மாட்டாங்க. நானும் முதல் நாள் உங்களை மாதிரிதான். யாரோ பாவம் பார்த்து எனக்குத் தர்றாங்கன்னு நினைச்சு பர்ஸுல போட்டுக்கிட்டேன். ஜீப்னியே சிரிச்சுது.

தமிழ்னு எப்படித் தெரிஞ்சுதா? மடியில மஞ்சப்பை வச்சிருக்கீங்களே. இந்த டவாவோ ஊர்ல மஞ்சப்பையோட சுத்துறது ரெண்டு பேர். ஒன்னு எங்க அம்மா. இன்னொன்னு, பிள்ளையை டாக்டருக்குப் படிக்கச் சேர்க்க வந்த யாரோட அப்பாவாவது. நீங்க எங்க அம்மா இல்ல.

பொண்ணா? முதல் வருஷமா? ஹாஸ்டல்ல விட்டாச்சா? அப்ப நம்ம மெஸ்ஸுலதான் சாப்பிடப் போகுது. 'நம்ம வீடு மெஸ்', காலேஜ் பின்வாசல்ல. ஓ, அங்கதான் போறீங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். எங்க அம்மா மாரிக்கண்ணுதான் அங்க சமையல். நான் பொன்னழகு. தேவகோட்டைப் பக்கம்.

சாப்பாடு எப்படியா? பொய் சொல்ல மாட்டேன் சார். ரசம் நல்லா இருக்கும். சாம்பார் சுமார். உங்க பொண்ணு முதல் வாரம் அழும். ரெண்டாவது வாரம் சாம்பாரைக் குறை சொல்லும். குறை சொல்ல ஆரம்பிச்சுட்டா அழுகை நின்னுடும், நான் நிறைய பேரைப் பார்த்துட்டேன். ஏன் சார் முகம் அப்படிப் போகுது? நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

எனக்கு அதுதான் சார் வராது, முகத்துக்காகப் பேசுறது. பிளஸ் டூவில ஃபிசிக்ஸ் போச்சு. மறுபடி எழுதுன்னாங்க. பிடிக்கலன்னேன். அவ்வளவுதான் என் படிப்பு. அப்பறம் அத்தை வீட்டுல விட்டாங்க. அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டு அம்மா அவங்களே செஞ்ச மைசூர்பாகைக் கொண்டாந்து, எப்படி இருக்கு தாயின்னு என்னைக் கேட்டாங்க. ஓடு மாதிரி இருக்குன்னேன். ஓடு மாதிரிதான் இருந்துச்சு சார்! மாப்பிள்ளையோட அப்பாவே தலையாட்டினாரு. கல்யாணம் என்னவோ நல்லபடியா நடந்துச்சு, ஆனா அத்தை அன்னைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணி, உன் பிள்ளையை நீயே வச்சுக்கன்னுட்டாங்க. அப்படித்தான் நான் விமானம் ஏறி இந்த ஊருக்கு வந்தேன். வாயால வந்தேன்னு அம்மா சொல்லும்.

இது என்ன பொட்டலமா? இதைத்தான் சொல்ல வர்றேன். இந்த மூணு வாழையிலைப் பொட்டலத்துலதான் சார் என் பொழைப்பு இருக்கு. சிரிக்காதீங்க, நிஜமா. நேத்து அம்மா டிக்கெட் காட்டுச்சு. வர்ற புதன்கிழமை எனக்கு ஃபிளைட். ஊருக்குப் போய், ஃபெயிலானவங்களையும் எடுக்குற ஏதோ நர்சிங் கோர்ஸ்ல சேரணுமாம். ஊசியைப் பார்த்தாலே நான் கண்ணை மூடிக்கிற ஆளு. அப்ப மெஸ் முதலாளி சகாயராஜ் அண்ணன் குறுக்கால வந்து, "அக்கா, கொடுத்த வேலையை அவ முடிக்கட்டும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குள்ள ஒரு கடை பேரு சொன்னா, இவளை மெஸ்ஸுலயே வேலைக்கு எடுத்து விசா பேப்பர் எல்லாம் நான் போடுறேன். சொல்லலைன்னா புதன்கிழமை நானே ஏர்போர்ட்ல விட்டுட்டு வர்றேன்"னாரு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மணி என்ன சார்? எட்டரையா? ம்.

வேலை என்னன்னா, இங்க புத்தோ மாயான்னு ஒரு பலகாரம் இருக்கு. ஒட்டரிசியை ஊற வச்சு, ஆவியில வேக வச்சு, தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் கிளறி, மறுபடியும் ஆவியில வைப்பாங்க. சிலர் கறுப்பரிசி கொஞ்சம் கலப்பாங்க, அப்ப கத்திரிப்பூ நிறத்துல வரும். கூட மாம்பழத் துண்டு, குடிக்கச் சூடா சாக்லேட். அம்மா ஒரு வாய் தின்னுட்டு, "அடியே, கவுனியரிசிடி இது!"ன்னு உட்கார்ந்துட்டுது. ஆச்சி வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் கவுனியரிசி கிண்டின கை அது. நம்ம பிள்ளைங்க எண்பது பேரும் ஞாயித்துக்கிழமை உப்புமாவைப் பார்த்ததும் தெறிச்சு ஓடுறாங்க. அதனால சகாயராஜ் அண்ணன், ஞாயிறு காலையில புத்தோ மாயா போடலாம், சந்தையில எந்தக் கடை நல்லா இருக்குன்னு பார்த்துச் சொல்லு, நாலு வாரம் டைம்னு என்னை அனுப்பினாரு. தின்னு பார்த்துச் சொல்ற வேலை. எனக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?

சந்தையில அந்த வரிசையில மூணு கடை. மூணுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இடம் கிடையாது.

முதல் கடை மெர்லி. இங்க அக்காவை 'ஆத்தே'ன்னு கூப்பிடணும். ஆத்தே மெர்லி. ரெண்டாவது டோடோங், அவரை 'குயா'ன்னு, அதாவது அண்ணன்னு. முன்னாடி பேங்குல வாட்ச்மேனா இருந்தாராம். இப்பவும் அந்த நீலச் சட்டைதான், இஸ்திரி போட்டு. அச்சுல அடிச்சு, கோபுரம் மாதிரி எடுத்து வைப்பாரு, ஒன்னு கூட ஒரு நூல் உயரம் மாறாது. மூணாவது கடை பேபி. வயசு அம்பத்தஞ்சு சார், பேரு பேபி. பேத்தி இருக்கு, அதுக்கு என்ன பேருன்னு நான் கேட்கல.

முதல் வாரம் போனேன். மூணு கடையிலயும் தின்னேன். மூணு பேரும் என்னை 'சுக்கி'ன்னு கூப்பிட்டாங்க. நானும் சரி சரின்னு மூணு பேருக்கும் தலையாட்டிட்டேன். சுக்கின்னா என்னன்னு அம்மாதான் அப்பறம் விசாரிச்சுட்டு வந்து தலையில அடிச்சுக்கிட்டுது. வாடிக்கை சார். நீ எனக்கு, நான் உனக்கு. அவங்க உனக்கு ஒரு துண்டு கூட வைப்பாங்க, நீ பக்கத்துக் கடையில கை நனைக்கக் கூடாது. நான் என்னடான்னா ஒரே காலையில, மூணு பேர் கண்ணு முன்னாடியே, மூணு கடைக்கும் சுக்கி ஆயிட்டேன்.

அது கூடப் பரவாயில்ல. மெர்லி கேட்டாங்க, "எப்படி இருக்கு?"ன்னு. நான் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷுல சொன்னேன்: "ஆத்தே, இஞ்சி அதிகம். தொண்டையில கொள்ளிக்கட்டையை வச்ச மாதிரி இருக்கு. டோடோங் கடையில இஞ்சி அளவா இருக்கு."

வரிசையே திரும்பிப் பார்க்குது சார். மீன் வெட்டுறவன் கத்தியைத் தூக்கினவன் தூக்கினபடி நிக்கிறான். டோடோங் கையில இருந்து அச்சு கீழ விழுந்து உருண்டு போகுது. மெர்லி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நல்லவேளை, தப்பா எடுத்துக்கலன்னு நினைச்சேன். இந்த ஊர்ல சிரிச்சா சந்தோஷம்னு அர்த்தம் கிடையாது, அது எனக்கு அப்பத் தெரியாது. வெட்கப்பட்டாலும் சிரிப்பாங்க, மனசு உடைஞ்சாலும் சிரிப்பாங்க.

அப்படியே விட்டிருக்கலாம். டோடோங் முகம் பூரிச்சுப் போயிருந்துச்சா, அது எனக்குச் சரியாப் படல. "குயா, உங்களோடது வெறும் அழகு. அரிசி வேகல. பேபி கடையில மெத்துனு இருக்கு"ன்னேன். பேபி பல்லைக் காட்டினாங்க. "ஆத்தே பேபி, உங்களோடது ஒரே தித்திப்பு, எறும்பு கூட யோசிக்கும். மெர்லி கடையில இனிப்பு சரியா இருக்கு"ன்னேன். சுத்தி வந்துட்டேனா? யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல. எல்லாரையும் சமமாத்தான திட்டியிருக்கேன்!

இங்க யாரும் யாரையும் முகத்துக்கு நேரா குறை சொல்ல மாட்டாங்க சார். வாயில வைக்க முடியலன்னாலும் 'லாமி, லாமி'ன்னு, அதான் ருசியா இருக்குன்னு, சொல்லிட்டு அடுத்த தடவை அந்தப் பக்கமே வராம போயிடுவாங்க. டோடோங் என்கிட்ட சொன்னாரு, "இண்டாய், பதினோரு வருஷமா கடை போடுறேன். வேகலன்னு ஒருத்தர் சொன்னதில்ல." இண்டாய்னா நம்ம பக்கத்து 'ஏ பிள்ளை'ங்கிற மாதிரி.

ரெண்டாவது வாரம் போறேன். டோடோங் ஒரு நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு நிக்கிறாரு. அரிசி குழைஞ்சு போச்சு, கோபுரம் எல்லாம் ஒரு பக்கமா சாயுது. பாவம், அதைப் பார்க்க அவருக்கே மனசு வரல, முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் எனக்கு எடுத்து வச்சாரு. பேபி சர்க்கரையைக் குறைச்சுட்டாங்க. மெர்லி இஞ்சியைப் பாதியாக்கிட்டாங்க. "இப்ப?"ன்னாங்க மூணு பேரும். "இன்னும் கொஞ்சம்"னேன். டோடோங் அதையும் எழுதிக்கிட்டாரு.

அப்பறம் என் பேரு பரவிடுச்சு சார். கருவாட்டுக்காரம்மா கூப்பிட்டு ஒரு துண்டை நீட்டி, இதுல என்ன தப்பு சொல்லுங்குது. நாறுதுன்னேன். அது ரொம்ப யோசனையாத் தலையாட்டிச்சு. அம்மா கேட்டுட்டு, "கருவாடு நாறாம பின்ன மல்லிகைப்பூவாட்டம் மணக்குமா? உன்னை எல்லாம் ஒரு ஊரு நம்புது பாரு!"ன்னுச்சு. டுரியான் பழம் விக்கிறவன் என்னைப் பார்த்ததும் கடையைத் துணி போட்டு மூடிட்டான்.

நான் செஞ்சது நல்லதுதான சார்? யாரும் சொல்லாததைச் சொன்னேன். மூணு பேரும் திருந்தினாங்க.

மூணாவது வாரம்தான் ஒரு மாதிரி ஆச்சு. மெர்லி கடைக்குன்னு ஒரு கூட்டம் உண்டு. சந்தையில விடியக்காலை லாரியில இருந்து வாழைத்தாரு இறக்குறவங்க. பன்னெண்டு பேர் வருவாங்க, தோளெல்லாம் கறையா. நின்னுக்கிட்டே தின்னுட்டு, கண்ணுல தண்ணியோட 'ஹா'ன்னு ஒரு மூச்சு விட்டுட்டுப் போவாங்க. அந்த வாரம் ரெண்டு பேர்தான் வந்தாங்க. ஒருத்தர் ஒரு வாய் தின்னுட்டு, "மெர்லி, உடம்பு சரியில்லையா?"ன்னாரு. மெர்லி என்னைக் காட்டி, "இண்டாய் சொல்லுச்சு"ன்னாங்க. குத்தம் சொல்ற மாதிரி இல்ல சார். பெருமையாச் சொன்னாங்க. அந்த ஆளுங்க ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க பாருங்க.

நான் என்ன செய்ய? அதிகம்னு சொன்னேன். எடுத்துடுங்கன்னு சொல்லவே இல்லையே? சொன்னேனா? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கும் மெர்லி எனக்கு மாம்பழம் ஒரு துண்டு கூட வச்சாங்க. சுக்கிக்கு வைக்கிறது. நான் அவங்க கண்ணு முன்னாடியே டோடோங் கடைக்குப் போறவ, பேபி கடைக்குப் போறவ. எனக்கு எதுக்கு சார் கூட ஒரு துண்டு? வேண்டாம்னேன். "தின்னு, நீ ஒல்லியா இருக்கே"ன்னாங்க. அவங்களும் முகத்துக்கு நேராப் பேசப் பழகிட்டாங்க.

இன்னைக்கு நாலாவது வாரம். ஆறு மணிக்கே போயிட்டேன். மெர்லி கடையில தின்னேன். டோடோங் கடையில தின்னேன். பேபி கடையில தின்னேன். மறுபடி முதல்ல இருந்து தின்னேன். சார், மூணும் ஒன்னு! ஒரே பானையில அள்ளின மாதிரி. அரிசி அதே மெத்து, அதே இனிப்பு, அதே இஞ்சி, அதாவது இஞ்சி இருக்குற மாதிரி ஒரு நினைப்பு. ஒன்னுலயும் ஒரு குறை சொல்ல முடியல. ஒன்னையாவது நல்லா இருக்குன்னு சொல்லலாம்னு பார்த்தா, அதுவும் முடியல. சப்புனு இருக்கு.

டோடோங் நோட்டை மூடிக்கிட்டு, "பாஸா?"ன்னாரு. பேபிக்கு ஒரே கோபம், என்னோடதை அவங்க ரெண்டு பேரும் காப்பியடிச்சுட்டாங்கன்னு. மெர்லி பானையை எட்டிப் பார்த்துட்டு மூடினாங்க. ஏழு மணிக்கு அவங்க பானை பாதி அப்படியே இருக்கு. முதல் வாரம் ஆறரைக்கெல்லாம் அடி சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. வாழைத்தாருக்காரங்க ஒருத்தர் கூட இல்ல.

"இண்டாய், இப்ப சரியா இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"சரியா இருக்கு ஆத்தே"ன்னேன். நாலு வாரத்துல முதல் தடவையா அவங்ககிட்ட நல்ல வார்த்தை சொல்றேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அது எந்தச் சிரிப்புன்னு எனக்குத் தெரியல சார். அதுல இருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. பசியா கூட இருக்கலாம். ஆறு தட்டு தின்னுட்டுப் பசிக்குமான்னு கேட்காதீங்க.

மூணு கடையிலயும் ஒவ்வொரு பொட்டலம் கட்டிக்கிட்டேன், சகாயராஜ் அண்ணன் தின்னு பார்க்கட்டும்னு. மெர்லியோடதுக்கு சிவப்பு ரப்பர் பேண்டு, டோடோங்குக்குப் பச்சை. இந்த ஜீப்னி போட்ட ஆட்டத்துல ரெண்டும் கழண்டு விழுந்துடுச்சு. இப்ப எது யாரோடதுன்னு எனக்கே தெரியல. பத்து மணிக்கு அவரு பேரு கேட்பாரு. எந்தப் பேரைச் சொல்ல? எதைச் சொன்னாலும் ஒன்னுதான்னு சீட்டுக் குலுக்கிப் போட்டா, அதுக்கு நான் எதுக்கு? ஒரு டப்பா போதுமே. பொய்யா ஒரு பேரைச் சொல்லிட்டு இங்கயே இருக்கலாம். அது எனக்கு வராதே சார்.

இந்தாங்க, நீங்க பிரிச்சுத் தின்னு பாருங்க. மூணுலயும் கொஞ்சம். தின்னுங்க சார், சும்மா. பக்கத்துல இருக்கிற அக்கா பார்த்தா பார்க்கட்டும். எப்படி? வித்தியாசம் தெரியுதா? தெரியலல்ல? சொன்னேனே.

என்ன கேட்டீங்க?

முதல் வாரம் எதை மிச்சம் வைக்காம தின்னேனா? இருங்க... டோடோங் கடையில ஒரு வாய் வச்சுட்டு மீதியை நாய்க்குப் போட்டேன். பேபி கடையில பாதி தின்னேன், திகட்டிடுச்சு. மெர்லியோடது முழுசா. ரெண்டு தட்டு. அது பசி சார், காலங்காத்தால ஒன்னும் திங்காம போயிருந்தேன்.

ரெண்டாவது வாரமா? ரெண்டாவது வாரமும் மெர்லி கடையில ரெண்டு தட்டு. பாதி இஞ்சி இருந்துச்சுல்ல. இல்ல சார், பிடிச்சு ஒன்னும் திங்கல. எவ்வளவு மோசம்னு சரியாத் தெரிஞ்சுக்க வேண்டாமா? ஒரு தட்டுல எப்படித் தெரியும்? அது உள்ள இறங்குறப்ப முதல்ல ஒன்னும் தெரியாது, தேங்காய்ப்பாலுதான். அப்பறம் காதுகிட்ட சூடு ஏறும். அப்பறம் கண்ணுல தண்ணி வரும், மூக்கு திறந்துக்கும், அப்படியே 'ஹா'ன்னு... உடனே அடுத்த வாய் போட்டாத்தான் அடங்கும். வாரம் பூரா அந்தக் கருமம் ஞாபகத்துலயே இருக்கும். பாத்திரம் கழுவுறப்ப எல்லாம் ஞாபகம் வரும். அம்மா ரசத்துல இஞ்சி தட்டிப் போட்டா, இது என்ன இஞ்சின்னு நான் சண்டை போட்டிருக்கேன்...

ஏன் சார் சிரிக்கிறீங்க?

சார்.

நான் அதைத் திட்டிக்கிட்டே தின்னிருக்கேன், இல்ல?

அய்யோ. யாருமே என்கிட்ட சொல்லலையே! அம்மா கூடச் சொல்லல. இந்த ஊரு ஆளுங்க மாதிரி அம்மாவும் ஆயிடுச்சா? நீங்க மட்டும்தான் சார் முகத்துக்கு நேராக் கேட்டீங்க. தப்பா எடுத்துக்கல. நல்லதுதான். கொஞ்சம் எரியுது, அவ்வளவுதான்.

மணி என்ன? எட்டு அம்பதா? இங்க இருந்து சந்தைக்கு இருபத்தஞ்சு நிமிஷம். அரிசி அவங்ககிட்ட இருக்கும், பாதிப் பானைதான் போகவே இல்லையே. அந்த இஞ்சியை அவங்க துருவ மாட்டாங்க சார், நசுக்கிச் சாறா எடுத்து ஊத்துவாங்க. ஊத்தி ஒரு ஆவி. கால் மணி நேரம். பத்துக்குள்ள வந்துடலாம். பத்தரை ஆனாலும் சகாயராஜ் அண்ணன் கத்துவாரு, கத்தட்டும். ஒரு வாய் தின்னா அவரால கத்த முடியாது.

லுகார் லாங்! அட, அப்படிச் சொன்னாத்தான் சார் இங்க வண்டி நிக்கும். லுகார் லாங், குயா!

காலை கொஞ்சம் ஒதுக்குங்க. இந்தப் பொட்டலத்தை எல்லாம் நீங்களே வச்சுக்கங்க, உங்க பொண்ணுக்குக் கொடுங்க, சப்புனுதான் இருக்கும், இருந்தாலும் பசிக்கு ஆகும். அழுதா அழுதுட்டுப் போகுதுன்னு விடுங்க, நான் பார்த்துக்கறேன். காலேஜ் பின்வாசல்ல இறங்கி மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டுங்க, எங்க அம்மா ஓடி வரும். சகாயராஜ் அண்ணன்கிட்ட கடை பேரு மெர்லின்னு சொல்லிடுங்க. பொன்னழகு எங்கன்னு கேட்பாரு.

இஞ்சி வாங்கப் போயிருக்கான்னு சொல்லுங்க.